நா

லைங் தாயாவில் கரண்ட் போனது.
சுவரில் எரிந்துகொண்டிருந்த
"கலாச்சார இசைவு: பகுதி நான்கு"
பாதி வாக்கியத்தில் அணைந்தது.
நல்லதுதான்.

எனக்கு இவர் ஒன்பதாவது மேனேஜர்.
நல்லசிவம், திருப்பூர்.
எண்ணூறு மெஷின் ஓடும் கூடத்தில்
எது நின்றதென்று காதாலேயே சொல்வாராம்.
நான் வீட்டில் குணவதி,
சம்பளச் சீட்டில் மா கின் வா.
யாங்கோன் எனக்கு வெளிநாடு இல்லை,
அதனால்தான் இந்த வேலை.

நோட்டில் கோடு போட்டு எழுதுகிறார்:
தாளை வலக்கையால் நீட்ட வேண்டும்,
இடக்கை விரல் முழங்கையைத் தொட்டிருக்க வேண்டும்.
யார் தலையையும் தொடக்கூடாது,
தட்டிக்கொடுக்கக்கூட.

"இல்லைங்கிறதுக்கு இங்க என்ன வார்த்தைங்க?"
இருக்கிறது சார்.
உங்கள் காதில் விழாது.

ஒத்திகை வைத்தோம்.
நான் லைன் சூப்பர்வைசர் மா தந்தா.
வியாழனுக்குள் நாலாயிரம் சட்டை முடியுமா?
"ஹொக்கே" என்றேன், தரையைப் பார்த்து.
"முடியும்" என்று எழுதி
அடிக்கோடும் போட்டார்.

சார், அந்த ஹொக்கே
ஒரு மூச்சு தாமதமாக வந்தது.
வெள்ளிக்கிழமை இராத்திரி பெட்டிகள் பாதி காலியாக இருக்கும்.
அப்போதும் மா தந்தா சிரிப்பாள்.

பலகையில் எழுதினேன்: ஆ நா தே.
சொல்லுக்குச் சொல் பார்த்தால், பலம் நோகிறது.
உங்களுக்குச் சங்கடம் வேண்டாமென்று
நான் எடுத்து விழுங்கிக்கொள்ளும் நோவு.
நமக்கு நா என்றால் நாக்கு.
இவர்களுக்கு நா என்றால் வலி,
கொஞ்சம் இழுத்துச் சொன்னால் காது.

"மூணும் பக்கத்து பக்கத்துல இருக்குதுங்க" என்றார்.
இதை மட்டும் நோட்டில் எழுதவில்லை.

டின்பால் டீ வந்தது.
கீழே ஜெனரேட்டர் இருமி இருமிப் பார்த்தது.
சும்மாதான் கேட்டேன்:
நீங்களா இஷ்டப்பட்டு வந்தீங்களா?
(மனைவிக்கு ஏழாம் மாதம்.
படிவத்தில் பார்த்திருந்தேன்.)

கப்பைச் சாஸரில் இரண்டு சுற்று சுற்றினார்.
"ஆமாங்க.
முதலாளி கேட்டாங்க.
சந்தோசமாத்தானுங்க வந்தேன்."

ஒரு மூச்சு தாமதம்.

நாக்கு நுனிவரை வந்ததை
டீயோடு உள்ளே அனுப்பினேன்.
கரண்ட் வந்துவிட்டது.
பகுதி நான்கு அவர் சட்டைமேல் விழுந்தது,
முகத்திலும் கொஞ்சம்.
ரிமோட் கையிலேயே இருக்க
மேஜைக்கடியில் அதைத் தேடினேன்,
வெகுநேரம்.