ஐம்பதுக்கு மேல் இருந்தால் ஒரு புள்ளி

பரனாகுவா துறைமுகம் போகும் லாரிகள்
வழியெல்லாம் சோயா சிந்திக்கொண்டு போகின்றன.
லொன்ட்ரீனாவின் செம்மண் செருப்பை
வாசலிலேயே கழற்றச் சொல்வார் எலியேசர்.

பதினான்கு நாளுக்கு முன்
கதிர் பாய்ச்சிய தட்டுகள்.
ஊதாச் சாயம் ஊற்றி, கழுவி, கவிழ்த்து
எண்ணுகிறேன்.
ஐம்பது செல் கூடியிருந்தால் ஒரு குடும்பம்.
நாற்பத்தொன்பது கணக்கில் இல்லை.

சோயாச் சத்து படாத தட்டில் நூற்றுப் பன்னிரண்டு.
நிறையப் பட்டதில் முப்பத்து நான்கு:
அறுந்த இழையைத் தைக்க முடியாமல்
யாரோ ஊசியை ஒளித்துவைத்தது போல.
கொஞ்சமே பட்டதில் நூற்று நாற்பது.
மறுபடி எண்ணினேன்.
நூற்று நாற்பத்தொன்று.

ஈஸ்ட்ரோஜனுக்கென்று செய்த பூட்டில்
ஒரு பயறின் சாவி நுழைகிறது,
பாதி திரும்புகிறது.
திறந்ததா, அடைத்ததா?

லிஃப்டில் நெய்டே ஒகூபோ.
கதிருக்குக் குறித்த மைப்புள்ளி
சட்டைக் கழுத்தில் எட்டிப் பார்க்கிறது.
இன்று பதினேழாவது முறை.
"காலையில் மிஸோ குடிக்கிறேன். தப்பா?"

தட்டில் இருப்பவை குடிப்பதில்லை,
அவற்றுக்குக் குடல் இல்லை, ஈரல் இல்லை,
காலை என்று ஒன்று இல்லை.
சொல்லியிருக்கலாம்.
டாக்டரைக் கேளுங்கள் என்றேன்.
"ஆய்வகம் சொல்லட்டும் என்கிறாரே அவர்."
அதற்குள் கதவு திறந்துவிட்டது,
அவள் தளம்.

இரவு செருப்பை மாட்டும்போது
அடிப்பள்ளத்தில் சிக்கிய ஒரு சோயா மணி.
நகத்தால் நெம்பி எடுத்தேன்.
குப்பைக்கூடை பக்கத்தில்தான் இருந்தது.
ஏனோ
மேலங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.