படகு எத்தனை மணிக்கு

சிலோயே தீவில் மழைக்கு விடுமுறை கிடையாது.
காஸ்த்ரோ மருத்துவமனைப் பக்கவாசலில்
குடைகள் சொட்டும் இடத்தில் எனக்கு ஒரு நாற்காலி.
சிகிச்சை முடிந்து போகிறவர்களை நிறுத்தி
இருபத்திரண்டு கேள்விகள் கேட்க வேண்டும்.
படிவத்துக்கு இவ்வளவு என்று கூலி.
பாதியில் எழுந்து போகிறவர்
கணக்கில் வரமாட்டார்.

தரை சுத்தமா, ஒன்று முதல் ஐந்துக்குள்.
காத்திருந்த நேரம், ஒன்று முதல் ஐந்துக்குள்.
சூப்பின் சூடு. கழிவறைத் தாழ்ப்பாள்.
வலியைக்கூட நாலாய் மடித்து
ஒரு கட்டத்துக்குள் வைத்துத் தந்துவிடுகிறார்கள்,
பழகிவிட்டது அவர்களுக்கும்.

கடைசிக் கேள்விக்கு மட்டும் கட்டம் இல்லை.
ஒரு கோடு, விரல் நீளம்:
எல்லாவற்றிலும் எதை மேலாக நினைத்தீர்கள்?

சால்மன் பண்ணையில் முக்குளிக்கும் ஒரோசிம்போ பாமோந்தே,
கடல் அழுத்தி இரண்டு காதும் போனவர், சொன்னார்:
"எனக்குத் தெரியவில்லை, விசாரித்துச் சொல்கிறேன் என்று
அந்த டாக்டரம்மா எழுதிக் காட்டினார்.
விசாரித்தும் சொன்னார்."

குடல்வால் எடுத்த பள்ளிக்கூடச் சிறுமி:
"ஊசி வலிக்கும் என்று முதலிலேயே சொன்னார்கள்.
வலித்தது."

இடுப்பெலும்புக்காகப் பதினோரு மாதம் காத்த ஒருவர்:
"ஒன்றுமில்லை. எழுதிக்கொள்.
ஒன்றுமில்லை என்றே எழுது.
எழுத்து பெரிதாக இருக்கட்டும்."

பிறகு எதுவினா மில்லாலோங்கோ.
மேச்சுக்கே தீவு. கடல்பாசி அரிக்கிறவர்,
நகக்கண்ணெல்லாம் உப்பு.
இருபத்தொரு கேள்விக்கும் மூன்று போடச் சொன்னார்,
"நடுவில் இருக்கட்டும், யாருக்கும் பொல்லாப்பு வேண்டாம்."
கடைசிக் கேள்விக்குச் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார்.

"படகு எத்தனை மணிக்கு என்று கேட்டார்."

யார்?

"டாக்டர் ஓயார்சோ. நான் உட்காரும் முன்பே.
ஆறு வருஷம், மூன்று டாக்டர்.
நாளைக் காலை வெறும் வயிற்றோடு வா என்பார்கள்.
நாளை என்றால் எனக்கு
ஒரு பேருந்து, மைத்துனி வீட்டு சோபா,
மடி கட்டிக் கத்தும் பசு, எல்லாம் சேர்ந்தது.
என் அட்டையைப் பார்,
நோயாளி வரவில்லை, நோயாளி வரவில்லை.
காற்றடித்து
துறைமுகம் மூடிய நாளில் எதில் வருவது?

தல்காவேயில் மூன்று மணிக்கு என்றேன்.
போனை எடுத்தார்.
முதலில் ரத்தம், உடனே ஸ்கேன்,
யாரையோ கெஞ்சினார், யாரையோ அதட்டினார்.
பன்னிரண்டரைக்கு எல்லாம் மேசைமேல்.
அதன் பிறகு, சொல்ல வேண்டியதைச் சொன்னார்."

என்ன சொன்னார் என்பது படிவத்தில் இல்லை.
நான் கேட்டுவிட்டேன்.

கழுத்துத் துண்டை இறுக்கிக்கொண்டார்.
"நல்ல சேதி இல்லை.
ஆனால் அதை வீடு கொண்டுபோய்ச் சேர்க்க
வெளிச்சம் மிச்சமிருக்கிறது."

டாக்டருக்குக் கொண்டுவந்ததில் மீந்த பூண்டு ஒன்றை
என் படிவத்தின்மேல் வைத்துவிட்டுப்
பேருந்துக்கு ஓடினார்.

விரல் நீளக் கோடு போதவில்லை.
ஓரத்தில் ஏறி, பின்பக்கம் இறங்கி எழுதினேன்.
அலுவலகத்தில் அதைப் படித்துப் பார்த்து
போக்குவரத்து என்ற தலைப்பில் சேர்த்தார்கள்,
வண்டி நிறுத்த இடமில்லை என்ற
நாற்பது புகார்களோடு.

வியாழக்கிழமை
காலில் கட்டோடு ஒருவர் வந்து அமர்ந்தார்.
தரை சுத்தமா என்று தொடங்க வேண்டிய வாய்
"உங்கள் படகு எத்தனை மணிக்கு?" என்றது.

முறைத்தார்.
"படகா? என் வீடு இரண்டு தெரு தள்ளி."
கைத்தடியை ஒருமுறை திருப்பினார்.
"நாய்தான்
நேற்றிலிருந்து உள்ளே பூட்டிக் கிடக்கிறது."

போங்கள் என்றேன்.
ஒரு படிவத்தின் கூலி
மழையில் நொண்டிக்கொண்டே தெருமுனை திரும்பியது.

நாயின் பெயரையாவது கேட்டிருக்கலாம்.