கிரீம் போடக்கூடாது

எல்ல ஸ்டேஷனுக்கு மேலே, மலைக்கு எதிரே
கண்ணாடிச் சுவர் வைத்த இத்தாலியன் கடை.
பெயர்ப்பலகையில் எழுத்து அவ்வளவு பொடி,
தெரிந்தவர்கள் மட்டும் வரட்டும் என்பது போல.
இரண்டு முறை தாண்டிப் போய்த் திரும்பினோம்.

பண்டாரவளையில் வாங்கிய செருப்பு
குதிகாலைக் கடித்தது எனக்கு.
லூர்துராஜ் நேரே நடந்தார்.
பதினோரு வருடம் நாப்போலியில் இருந்த மனிதர்,
அவருக்கு இதில் என்ன கூச்சம்.

ஒரு பலகையில் கிளிப் போட்ட தாள்தான் மெனு.
ரூபாய்க் குறி இல்லை. சைபர்களையும்
மிச்சம் பிடித்திருந்தார்கள்:
4.8 என்றால் நாலாயிரத்து எண்ணூறு.
தெரியாமல் நான்
கொஞ்ச நேரம் சந்தோஷமாக இருந்தேன்.

தனுஷ்க என்று நெஞ்சில் எழுதிய பையன்
ஆங்கிலத்தில் குனிந்தான்.
இவர் இத்தாலியனில் ஏதோ கேட்டார்.
அவன் சிரித்தான், அசல் வெலிமடைச் சிரிப்பு.
இவர் சிங்களத்தில் திருப்பிக் கேட்டார்.
மூன்று பேருக்கும் மூச்சு வந்தது.

சுளகு அகலத் தட்டு. நடுவில் ஒரு பிடி.
முள்ளால் கிளறிப் பார்த்து
"கிரீம் போட்டிருக்கிறான்" என்றார்,
சாவு வீட்டுச் செய்தி சொல்கிற குரலில்.
போடக்கூடாதா?
"அங்கே போட்டால் சண்டைக்கு வருவார்கள்."
யார்?
"உட்கார்ந்திருக்கிறவர்கள்."

பிறகு தட்டின் விளிம்பைத் தூக்கி
அடிப்பக்கம் பார்த்தார்.
விரலால் தடவினார்.
உள்ளே எங்கோ பீங்கான் மேல் பீங்கான் விழுந்தது,
இவர் தோள் இங்கே அசைந்தது.

அனுப்பிய படங்களெல்லாம் எனக்கு மனப்பாடம்.
நீரூற்றுக்கு முன்னால். கோயில் படியில்.
குடை விரித்த மேசைகளுக்குப் பக்கத்தில்,
சட்டைக் கையை இறக்கிவிட்டு.
பாதி பண்டாரவளைக்குக் காட்டியிருக்கிறேன்.
இப்போது ஒவ்வொன்றாய் நினைவில் எடுத்து
ஒரு நாற்காலியைத் தேடினேன்.
எல்லாவற்றிலும் நின்றுகொண்டிருந்தார்.

கை கழுவி வருகிறேன் என்று போனவர்
வரவில்லை.

மூடுபனி ஏறி மலையை எடுத்துக்கொண்டது.
கண்ணாடியில் மிஞ்சியது நான்,
என் பின்னால் ஒரு வெள்ளைக்காரக் குடும்பம்,
அவர்கள் குழந்தை தின்னாமல் தள்ளிவிட்ட ஆறாயிரம் ரூபாய்.
திரமிசு வந்தது, இரண்டு கரண்டியோடு.
நடுவில் கரண்டியால் ஒரு கோடு போட்டேன்,
இந்தப் பக்கம் எனக்கு.
கோடு மெல்ல மெல்ல நகர்ந்தது.
வேலி நகர்த்துகிறவர்களின் மனசு
அன்றைக்குத்தான் விளங்கியது.

தேடிப் போனேன்.
கேஸ் சிலிண்டர்களுக்குப் பக்கத்தில், பின்கதவில்
முழங்கை வரை சட்டையைச் சுருட்டியபடி இவர்.
பக்கத்தில் நமுனுகுலப் பையன் ஒருவன், திலுக்ஷனாம்,
விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கி.
"சீஸ் தட்டுக்கு முதலில் பச்சைத் தண்ணீர்.
எடுத்தவுடன் சுடுதண்ணீர் ஊற்றினால்
கோந்து மாதிரிப் பிடித்துக்கொள்ளும், தம்பி.
பிறகு நகத்தால்தான் சுரண்ட வேண்டும்."
என்னைக் கண்டதும்
நுரைக் கைகளை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார்.

பில்லில் சேவைக் கட்டணம் பத்து வீதம்.
"இது பின்னுக்கும் போகுமா?" என்று கேட்டார்.
தனுஷ்க கூரையில் தொங்கும் விளக்கைப் பார்த்தான்.
இவர் வெளியே வந்து
வாசலுக்குப் போகாமல் கட்டிடத்தைச் சுற்றினார்.
திரும்பி வரும்போது
மேல் பையில் மடித்திருந்த ஆயிரம் ரூபாய் இல்லை.
நான் கேட்கவில்லை.

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினேன்.
தார் ரோடு ஈரம், குளிர், நல்ல சுகம்.
கீழே பதுளை ரயில் கூவிவிட்டுப் போனது.
"அந்த இனிப்பு எப்படி?"
கோப்பியில் ஊறின பிஸ்கட்.
உங்களுக்கு மிச்சம் வைக்கவில்லை.

"தெரியும்" என்றார்.
"பதினோரு வருடமாய்ப் பார்த்தேன்,
அந்தக் கிண்ணம் மட்டும்
வழித்துத்தான் வரும்."