மஞ்சள் இறங்குதல்

கொரியர் பையன் கையெழுத்து வாங்கிப் போனபின்
பழைய மலையாளப் பேப்பரைப் பிரித்தேன்.
ஐம்பது மில்லிமீட்டர். ஒன்று புள்ளி நான்கு.
ஜப்பான்காரன் அறுபதுகளில் கடைந்த உடம்பு.
ஃபோகஸ் வளையம்
நல்லெண்ணெய்க்குள் விரல் விட்டதுபோல் திரும்பியது.
பூஞ்சை இல்லை. ஓரத்தில் ஒரு கீறல், மன்னிக்கலாம்.
வெள்ளைத் தாளின்மேல் கவிழ்த்தபோதுதான் தெரிந்தது:
கண்ணாடி முழுக்கக் கடுஞ்சாயா நிறம்.

கொச்சிக்காரர் எதையும் ஒளிக்கவில்லை.
"உள்ளே தோரியம் உண்டு.
வருஷம் போகப் போகத் தன்னைத்தானே பழுக்கவைக்கும்.
வெயில் காட்டினால் தெளியும்.
அங்கே வெயில் உண்டல்லோ?"

திருநெல்வேலிக்காரனிடம் கேட்கிற கேள்வியா.

ஐகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவன் நான்.
வயல்காரன் போலவே
எனக்கும் கதிரை நம்பித்தான் சோறு.
நெஞ்சில் குத்திய பேட்ஜ்
மூன்று மாதத்துக்கொருமுறை சென்னைக்குப் போய்
என்மேல் எவ்வளவு பட்டதென்று எண்ணிக்கொண்டு வரும்.

பெருமாள்புரம் மொட்டைமாடி, சித்திரை.
அலுமினியத் தாள் விரித்து மல்லாக்க வைத்தேன்,
எஸ்தர் ரஞ்சிதம் டீச்சரின் மோர்மிளகாய்க்குப் பக்கத்தில்.
"இதுக்குப் பேரு?"
"தக்குமார்."
"எந்தக் குமாரு?"
பதில் சொல்லுமுன்பே,
"காயதுக்கு எத்தன நாளாவும்?"

மிளகாய் நாலு நாளில் இறங்கிப் போனது.

எனக்குப் பொறுக்கவில்லை.
சாயங்காலமானால் எடுத்து மாட்டுவேன்.
தண்ணீர்த் தொட்டியில் தினசரியை ஒட்டி
முழுத் திறப்பில் ஒன்று, நாலில் ஒன்று, எட்டில் ஒன்று.
நடுவில் மணமகள் தேவை, பிளேடுக் கூர்மை.
மூலையில் கண்ணீர் அஞ்சலிக்காரர்
மீசையோடு கரைந்துகொண்டிருந்தார்.
கயத்தாற்றுக் காற்றாலைகளை வரிசையாக எடுத்ததில்
ஒரு கம்பமும் வளையவில்லை.
கொக்கிரகுளத்துப் பாலத்தில் ஒருநாள் உச்சிவேளை;
மஞ்சளுக்குள் அது அந்தியாகி
பஸ்ஸில் நின்ற அத்தனை பேரும்
வீடு திரும்புகிறவர்கள் ஆனார்கள்.
சோதனைப் படம்தான். அழிக்க மனம் வரவில்லை.

இருபத்துமூன்றாம் நாள்
தாள் தாளாகத் தெரிந்தது.
யாரோ ஊருக்குப் போய்விட்டதுபோல் இருந்தது.

இரவுப் பணி முடித்து அப்படியே உவரி பஸ்.
கரையில் மணல் நரையோடிய தலையாகக் கிடந்தது,
கறுப்பும் வெளுப்புமாய்,
காந்தம் காட்டினால் மீசை முளைக்கும் மணல்.
இதற்குள்ளும் தோரியம் உண்டு; பரீட்சைக்குப் படித்திருக்கிறேன்.
லென்ஸைக் கொஞ்ச நேரம் அதன்மேல் வைத்தேன்.
சொக்காரன் வீட்டு வாசலில் நிற்பவன் மாதிரி
ஒன்றும் பேசாமல் இருந்தது.

வலையிலிருந்து நண்டு பிரித்துக்கொண்டிருந்தார் வியாகுலம்.
பக்கத்தில் சேலையை விரித்து, பிள்ளை உறக்கம்;
கால் மட்டும் மணலுக்கு வந்துவிட்டது.
"போட்டோ எடுக்கட்டா?"
"எடுங்க. நெஞ்சில என்ன அட்டை?"
கழற்ற மறந்திருந்தேன்.
"ஆஸ்பத்திரிக்குள்ள விடணும்லா, அதுக்கு."
"அப்படின்னா எங்களுக்கும் ஒண்ணு வாங்கித் தாங்க,
வாசல்லயே நிப்பாட்டுதான்."

பொய் ஒன்றும் சொல்லவில்லை என்று
பஸ்ஸில் இரண்டு தடவை எனக்கே சொல்லிக்கொண்டேன்.

முழுத் திறப்பு. வலது கண்ணில் நிறுத்தித்தான் அழுத்தினேன்.
அந்த நொடியில் பிள்ளை புரள, அவர் குனிந்துவிட்டார்.
ராத்திரி பெருக்கிப் பார்த்தால்
முகம் பாலில் போட்ட பஞ்சு,
வலை வெறும் பச்சைப் புகை.
புரண்ட பிள்ளையின் உள்ளங்கால் மட்டும்
அப்படியே வந்திருக்கிறது:
ஒட்டிய மணலில்
எது கறுப்பு எது வெளுப்பு என்று
ஒவ்வொன்றாய் எண்ணிவிடலாம்.

நல்ல லென்ஸ். கொச்சிக்கு எழுதிப் போட்டேன்,
மஞ்சள் முழுக்கப் போய்விட்டது என்று.

பெருவிரலில் தொடங்கி எண்ணினேன்.
மூன்றாம் விரலோடு விட்டுவிட்டேன்.