ஒரு மிடறு

தோற்ற இரவு. டுனீடினில் மழை.
ரக்பி மன்றத்தின் மேல்மாடிக் கூடம்.
வெற்றிக்கென்று ஊதிய பலூன்கள்
வலையோடு கூரையில் தொங்கின.
அவிழ்க்கும் கயிறு எங்கே என்று
யாரும் தேடவில்லை.

நான் கட்சிக்காரி இல்லை.
மணிக்கணக்கில் கூலி.
கறுப்புச் சட்டை, மோதிரம் கழற்றிய விரல்.
தலைவருக்கு மூன்றடி தள்ளி நின்று
காது கேளாதவர்களுக்கு
அவர் வாய்ச்சொல்லைக் கையால் சொல்ல வேண்டும்.
அவர் 'நான்' என்றால்
என் நெஞ்சைத்தான் தொட்டாக வேண்டும்.
அப்படி இந்தப் பதினாறு வருடத்தில்
மூன்று கட்சிகளுக்காகத் தோற்றிருக்கிறேன்.
இரண்டு முறை பதவி விலகியிருக்கிறேன்.
ஒரு குதிரைப் பந்தய விவகாரத்தில்
எனக்கு ஒன்றுமே தெரியாது என்று
நாற்பது நிமிடம் சாதித்தும் இருக்கிறேன்.

ஒன்பதே காலுக்கு வந்தார் ஃபெர்கஸ் டால்ஸியல்.
முப்பத்தொரு இடம் பதினேழாகியிருந்தது.
'இந்தத் தோல்விக்கு முழுப் பொறுப்பும் என்னுடையது.'
எங்கள் சைகையில் பொறுப்பு என்றால்
இரு கையும் ஒரே தோளின் மேல்.
வைத்தேன்.
கனத்தது, பொய் சொல்லவில்லை.
அவர் கையோ
கோட்டுப் பைக்குள் கார்ச் சாவியைக்
கிலுக்கிக்கொண்டிருந்தது.

'பதவி விலகுவது...' என்றார்.

தண்ணீர் டம்ளரை எடுத்தார்.

காது உள்ளவர்களுக்கு அது பாதி வாக்கியம்.
எனக்கோ சொல் கைக்கு வந்துவிட்டது.
காற்றில் நின்றுவிட்டது.
இறக்கவும் முடியாது, முடிக்கவும் முடியாது.
ஒரு மிடறு.
தொண்டைக்குழி ஏறி இறங்கிய அந்த நேரம்
காது கேளாதவர்களின் நாட்டில்
ஃபெர்கஸ் டால்ஸியல் விலகியிருந்தார்.

'...சுலபமான வழி.
சுலபமான வழியில் நான் என்றும் போனதில்லை.'

கைதட்டல்.
முதலில் தட்டியவள் துணைத் தலைவி,
உள்ளங்கைகள் ஒட்டாமல்.
பின்வரிசையில் ஹேஸல் ரட்லெட்ஜ்,
கோர் தொகுதியில் நிற்பதற்காகப்
பேக்கரியை அடமானம் வைத்தவள்,
தட்டவில்லை. கோட்டின் பித்தானைப் போட்டுக்கொண்டிருந்தாள்.
வெள்ளிக்கிழமைக்குள் காலி செய்யவேண்டிய
பதினான்கு அலுவலகங்கள்.
அங்கே தொலைபேசி எடுத்தவர்கள், கடிதம் மடித்தவர்கள்.
விலகுவீர்களா என்று
அவர்களை ஒருவரும் கேட்கவில்லை.

வண்டியில் எனக்கு நானே வழக்காடிக்கொண்டு வந்தேன்.
அவர் போனால் வரப்போவது துணைத் தலைவி.
ஆற்றுக்கு மீட்டர் வைத்து விற்கலாம் என்பவள்.
வீடு எரியும்போது வெளியே ஓடுவதற்குப் பெயர்
மானமா?
சரி,
கொளுத்தியவன் உள்ளே உட்கார்ந்து
தீயணைப்புக் குழுவுக்குத் தலைமை ஏற்பதற்கு?
தோற்பது குற்றமில்லை. மழை கூடத் தோற்கடிக்கும்.
ஆனால் வாக்கு என்றால் இரண்டு பொருள் உண்டே.
ஒன்று நாம் கொடுப்பது.
இன்னொன்று அவர் கொடுத்திருந்தார்,
இருபத்தைந்துக்குக் கீழே போனால் இருக்கமாட்டேன் என்று,
ஆகஸ்டில், ஓமரு ஆட்டுச் சந்தையில்.
அதற்கும் என் நெஞ்சைத்தான் தொட்டேன்.

மில்டன் பெட்ரோல் பங்கில் செய்தி பார்த்தேன்.
பிளஃபிலிருந்து மிரியாமா பிட்டா.
சிப்பி உடைப்பவள், பிறவியிலேயே கேளாதவள்,
இருபது வருடமாக அந்தக் கட்சிக்கே போடுபவள்.
காணொளியில் அவள் விரல்கள் வேகமாக ஓடின,
கத்திக்காயத்துப் பிளாஸ்திரியோடு:

'அவர் தண்ணீர் குடித்தபோது எழுந்து நின்றுவிட்டேன்.
போகிறான் மனுஷன், மரியாதையாக, என்று.
என் நாய்கூட எழுந்து நின்றது.
அப்புறம் நீ கையை மாற்றினாய்.
ஏன் மாற்றினாய்?'

நான் மாற்றவில்லை என்று தட்டச்சினேன்.
அழித்தேன்.
மாற்றியது என் கைதான்.

பம்பில் எண்கள் ஏறிக்கொண்டிருந்தன.
ஒரு கையால் குழாயைப் பிடித்திருந்தேன்.
மற்றது எப்போது ஏறியதோ தெரியவில்லை,
தோளில் இருந்தது.