ஈரப்பதம்

கொள்முதல் நிலையத்தில் என் வேலை
மூட்டைக்குள் குத்தூசி விட்டு
ஒரு பிடி நெல்லை உருவுவது.
மெஷினில் போட்டால் எண் வரும்.
பதினேழைத் தாண்டினால்
"காயப்போட்டுக் கொண்டாங்க" என்பேன்,
முகம் பார்க்காமல்.
பார்த்தால் சொல்ல வராது.

தை பிறந்தும் விடாத மழை.
தார்ப்பாய்க்குக் கீழே நெல் புழுங்கும் வாடை.
என் போன் நனைந்து செத்துப்போனதில்
இளங்கதிரின் போனோடு வந்திருந்தேன்.
மூட்டைக் கணக்கைப் படமெடுத்து
மன்னார்குடி ஆபீசுக்கு அனுப்பப்போய்
விரல் தவறி வேறொன்றைத் தொட்டது.

பள்ளிக்குப் பின்னால் பம்புசெட் கொட்டகை.
சட்டையில்லாமல் முட்டிபோட்ட ஒரு பையன்.
சுற்றி ஆறேழு ஜோடிக் கால்கள்,
எல்லாம் ஒரே சீருடை.
"குரைடா."
குரைத்தான்.
"சத்தமா."
படமெடுக்கிறவன் முகம் தெரியவில்லை.
சிரிப்பு மட்டும் கேட்டது,
கடைசியில் மூக்கை உறிஞ்சிக்கொள்ளும் சிரிப்பு.
பதினாறு வருஷமாய் நான் சோறு போட்ட சிரிப்பு.

நாற்பத்தோரு விநாடி.
நாலு தடவை என் மகனைத் தேடினேன்.
ஐந்தாவது தடவைதான்
முட்டிபோட்டவனைப் பார்த்தேன்.
கீழத்தெரு சகாயராணி மகன் அமலன்.
போன வாரம் ரேஷன் கடையில்
"ஸ்கூலுக்கே போவமாட்டேங்குறான்க்கா,
தெனம் வயித்துவலிங்குறான்" என்றாளே,
ஓமத்தண்ணி குடு என்றேனே,
அவன்.

ராத்திரி கேட்டேன்.
"சும்மா வெளாட்டும்மா.
நான் அவனத் தொடவே இல்ல.
எடுக்க மட்டுந்தான் செஞ்சேன்."
அவன் அப்பா சொன்னார்,
"அழிச்சித் தொலை. பேர் கெட்டுப்போவும்."
யார் பேர் என்றேன்.
ரசத்தை இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னார்.

அழிக்க ஒரு தொடுதல் போதும்.
படுக்கையில் கட்டைவிரல் அதன் மேலேயே நின்றது.
பொய் சொல்லவில்லை,
ஒரு தடவை
தொட்டும் விட்டது.
"நிச்சயமா?" என்று கேட்டது போன்.
அது கேட்டதால் தப்பித்தேன்.

காலையில் முதலில் பள்ளி.
தலைமையாசிரியை பார்த்துவிட்டுக்
கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.
மற்ற பையன்களின் பெயரை
இளங்கதிரே எழுதினான்.
தன் பெயரைக் கடைசியில் எழுதினான்.
மேலே எழுது என்றேன்.

பிறகு கீழத்தெரு.
"நானும் வந்து மன்னிப்புக் கேக்குறேம்மா" என்றான்.
நல்ல பிள்ளைதான் என்று
அந்த நேரத்திலும் நினைத்தது மனசு, பாழும் மனசு.
கோரையாற்று வாய்க்காலுக்கு
இந்தப் பக்கமே அவனை நிறுத்தினேன்.
நீ கேட்கலாம், அவனுக்குக் கேட்கத் தோன்றும்போது.
அதுவரைக்கும் அவன் வீட்டுக்குள்ளாவது
உன் முகம் வேண்டாம்.

மதகுப் பலகை வழுக்கியது.
குடையை அவனிடமே விட்டு வந்திருந்தேன்.

சகாயராணி வீட்டுக் கதவைத் தட்டினேன்.
உள்ளே ஓடிவந்த காலடி
கதவோரம் நின்றது.
திறக்கும் என்று பார்த்தால்
தாழ்ப்பாள் விழுந்தது.

"அமலா,
நான் மட்டுந்தாம்ப்பா வந்திருக்கேன்" என்றேன்.

நனைந்துகொண்டு நின்றேன்.
திறந்தால் முகம் பார்த்துச் சொல்ல வேண்டும்.