நானூற்றுப் பதினேழு

வாரக் கணக்கில் நான் எழுதுவது மூன்றே வரி:
ரொட்டி, மின்சாரம், புறாக்கள்.
மூன்றாவது வரி முதலிரண்டையும் தின்றுவிடும்.
ஓடீலுக்கு இது தெரியாது.
தெரியும். கேட்டுக்கொள்ள மாட்டார்.

புறாமாடத்துக்குப் பதினான்கு படிகள்.
ஏழாவதில் நின்று
சுவரில் எதையோ பார்ப்பதுபோல் பாவனை செய்கிறார்.
சுவரில் ஒன்றுமில்லை, காரைதான்.

நாற்பது வருஷத்து இறகுத் தூசி
என்றார் கென்ட் நகரத்து டாக்டர்.
கிருமி இல்லை, விஷமும் இல்லை.
அதைப் போய்ப் பகைவன் என்றெண்ணி
உங்கள் ரத்தம் நெஞ்சுக்குள் படை திரட்டுகிறது.
காவலில் ஒரு குறையும் இல்லை, ஐயா.
காவலுக்குச் சோறு போட்டே
வீடு காலியாகிறது.

மாத்திரை எழுதினார். காவலைத் தூங்கவைக்குமாம்.
அது தூங்கும் நேரத்தில்
நிஜத் திருடன் வந்தால், என்று கேட்டேன்.
தோளைக் குலுக்கினார்.
ஓடீல் கேட்டது வேறு:
லிமோஜ் பந்தயத்துக்குள் படியேற முடியுமா?

*

பக்கத்துத் தெரு ரெமியின் கூட்டில்
கழுத்து திருகிய புறாக்கள் இரண்டு.
திங்களன்று லீசெலோட் ஊசிப் பெட்டியோடு வந்தாள்.
நீலப் பெட்டை, வளைய எண் நானூற்றுப் பதினேழு,
கடைசியாக.
'மற்றவை போன மாதமே போட்டுக்கொண்டவை.
இவளை மூன்று வாரம் பறக்கவிடாதீர்கள்.
உள்ளே போனது செத்த கிருமி;
அவளுக்கு அது தெரியாது.
மெய்யான போருக்குப் போலவே செலவழிப்பாள்.'
எங்கிருந்து எடுத்து, என்றேன்.
தன் மார்பையே தட்டிக் காட்டினாள்.
பறக்கிற சதை.

வியாழன் மாலை லாரி வந்தது.
'நீலத்தையும் எடு' என்று கீழேயிருந்து குரல்.
கூடையில் வைத்தது அவரில்லை.
நான்தான்.
கைக்குள் சூடாக இருந்தாள்.
புறா என்றால் சூடுதானே
என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு
தாழ்ப்பாளைப் போட்டேன்.

*

சனிக்கிழமை. அறுநூறு கிலோமீட்டர். எதிர்காற்று.
நாலரைக்கு முதல் புறா.
ஆறுமணிக்குள் ஒன்பது.
பத்தாவது ஆகாயம் நெட்டிலிங்கத்துக்கு மேலே
வெறுமனே கிடந்தது.
ஓடீல் நாற்காலியை உள்ளே எடுத்துவர விடவில்லை.

எனக்கு உயிரியல் தெரியாது.
பத்தொன்பது வருஷம் பேக்கரிக் கல்லாவில் உட்கார்ந்தவள்.
கடன்காரர் இருவர் ஒரே காலையில் வந்து நின்றால்
யாருக்கு முதலில் என்பது
நியாயம் பார்த்து முடிவாவதில்லை.
யார் கதவை உடைப்பான் என்று பார்ப்போம்,
அவனுக்குக் கொடுப்போம்.
மற்றவனிடம் பல்லைக் காட்டுவோம்.
அவளும் எங்கோ, யாரோ ஒருவனின் மாட்டுக்கொட்டகைக் கூரையில்
இறக்கையிடம் பல்லைக் காட்டியபடி
காய்ச்சலுக்குப் பட்டுவாடா செய்துகொண்டிருப்பாள்.
அல்லது பருந்து.
இரண்டில் எது என்று
அன்றிரவு முழுக்க அவர் இருமலை எண்ணினேன்.
ஞாயிற்றுக்கிழமை ரேடியோவில் முடிவுகள் சொன்னார்கள்.
அணைத்துவிட்டேன்.

*

திங்கள், தூறல்.
சமையலறைப் பெட்டி 'கீக்' என்றது.
வளையத்துச் சில்லை வாசல் பலகை படித்ததும்
நேரத்தைச் சீட்டாகத் துப்பும் பெட்டி அது.
பந்தயம் முடிந்தது அதற்குத் தெரியாது.

பதினான்கு படி ஏறினேன். ஏழாவதில் நிற்கவில்லை;
அதற்காக வெட்கமாக இருந்தது.
தண்ணீர்த் தொட்டியில் அலகு முக்கி நின்றிருந்தாள்.
தூக்கினேன்.
எடையே இல்லை. நெஞ்செலும்பு
விரலில் கத்திமுதுகாய்த் தட்டியது.
கழுத்து நேராக இருந்தது.
சூடு, புறாவின் சூடுதான்.
இம்முறை நிச்சயமாக.

கீழே நாற்காலி நகரும் ஓசை.
ஒரு படி, இரண்டு,
பிறகு நெடுநேரம் ஒன்றுமில்லை.
'எத்தனை மணிக்கு வந்தாள்?'

சீட்டு என் ஏப்ரன் பைக்குள் இருந்தது.

'சாப்பிடுகிறாள்' என்றேன்.